மணற்கல் குகையின் மஞ்சள் பூ

(சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.)

 

வரலாறு என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருபவை மன்னர்கள், போர்கள், ஒப்பந்தங்கள், போராட்டங்கள். பாடப்புத்தகமும் அப்படித்தான், பரீட்சை வினாத்தாளும் அப்படித்தான். ஒரு செடிக்கும் வரலாறு உண்டு என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்று அப்படி ஒரு செடியின் வரலாற்றைத்தான் எழுதுகிறேன்.

அது உலகத்தில் ஒரேயொரு பிரதேசத்தில் மாத்திரம் காணப்படுகின்ற காட்டுச்செடி. யாரும் அதை வயலில் பயிரிடுவதில்லை. அதனால் பெரிய வியாபாரம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு நாட்டின் சட்டம் அதன் பெயரை எழுதி வைத்து 28 ஆண்டுகள் காவல் நின்றது. பிறகு "இனிக் காவல் தேவையில்லை" என்று அதே சட்டம் அந்தப் பெயரை நீக்கியது. அழிந்து போனதால் நீக்கப்படவில்லை. பிழைத்துக்கொண்டதால் நீக்கப்பட்டது. இப்படி ஒரு முடிவு இந்தத் துறையில் அடிக்கடி கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தக் கதையை முழுமையாகச் சொல்ல ஆசைப்பட்டேன்.

இடம், ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதி. அங்கே ரெட் ரிவர் என்று ஓர் ஆறு. அந்த ஆறும் அதன் கிளை ஓடைகளும் நீண்ட நெடுங்காலமாக மணற்கல் மலைகளை அறுத்து ஆழமான பள்ளத்தாக்கொன்றை உருவாக்கியிருக்கின்றன. அந்த மணற்கல் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணல். அது இறுகிப் பாறையாகி, பின்னர் நீராலும் காற்றாலும் உறைபனியாலும் தேய்ந்து, செங்குத்துப் பாறைச் சுவர்களாகவும் இயற்கை வளைவுகளாகவும் நிற்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கல் வளைவுகள் அந்தப் பள்ளத்தாக்கில் உள்ளன.

மணற்கல்லின் எல்லா அடுக்கும் ஒரே உறுதியானவை அல்ல. அடியிலுள்ள மெலிந்த அடுக்கு உதிர்ந்து போக, மேலுள்ள உறுதியான அடுக்கு கூரை போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் கீழே ஒரு பக்கம் திறந்த, ஆழம் குறைந்த குகை ஒன்று உருவாகும். அந்த ஊர் மக்கள் இதைப் 'பாறை வீடு' என்றே அழைக்கிறார்கள். நமது நாட்டின் பழைய கற்குகைகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மழைநீர் பாறையின் முகப்பில் வழிந்து உள்ளே வராமல் இருக்க, மேலே ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். கென்டக்கியின் பாறை வீடுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரையே அந்த வேலையைச் செய்கிறது. கூரையின் நுனியிலிருந்து மழைநீர் சொட்டுகின்ற இடத்தில் நிலத்தில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு வெளியே ஈரமான அடர்ந்த காடு. கோட்டுக்கு உள்ளே தூள் போன்ற காய்ந்த மணல்.

நமது செடி வாழ்வது அந்தச் சொட்டுக்கோட்டுக்கு உட்பக்கத்தில். குகையின் ஆழத்து இருட்டிலும் அது வளராது, வெளியே முழு வெயிலிலும் வளராது. பாதி நிழல், குறைந்த ஈரம், மணல் தரை. வேறு செடிகள் பெரிதாகப் போட்டிக்கு வராத ஓர் ஒடுங்கிய இடத்தை அது தனக்கென எடுத்துக்கொண்டது. தரையில் மாத்திரமல்ல, பாறைத் திட்டுகளிலும் வெடிப்புகளிலும் சில இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். பல்லாண்டு வாழும் பூண்டு வகை. உயரம் அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு மீற்றர். தண்டு நிமிர்ந்து நிற்காமல் வளைந்து சாயும். இலையிலும் தண்டிலும் மென்மையான வெள்ளை மயிர்கள். ஓகஸ்ட் இறுதி, செப்டெம்பர் அளவில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் பூக்கத் தொடங்கும். தேனீக்களும் அந்துகளும் பூ ஈக்களும் அவற்றைத் தேடி வரும்.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'வெண்மயிர்ப் பொற்கோல்' என்று வரும். தாவரவியல் பெயர் சொலிடாகோ அல்போபைலோசா. பெயரின் இரண்டாம் பகுதிக்கும் வெண்மயிர் என்பதுதான் பொருள்.

இந்தப் பெயரை வைத்தவர் ஒரு பெண். எம்மா லூசி பிரவுன். 1889இல் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். தகப்பனார் பாடசாலை அதிபர், தாயாரும் ஆசிரியை. பெற்றோர் இரு பெண்பிள்ளைகளையும் சின்ன வயதிலேயே காட்டுக்கு அழைத்துச் சென்று மரங்களையும் பூக்களையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். மூத்தவர் அனெட் அந்துப்பூச்சிகளில் நிபுணரானார். இளையவர் லூசி 1914இல் தாவரவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இருவரும் திருமணம் செய்யாமல் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒன்றாகவே காடு காடாகத் திரிந்தார்கள்.

1930இல் ஒரு மோட்டார் கார் வாங்கிய பின்னர் அவர்களது பயணம் இன்னும் விரிந்தது. அது மதுவிலக்குக் காலம். மலைக்காடுகளில் கசிப்பு காய்ச்சுபவர்களின் மறைவிடங்களை அவர்கள் அடிக்கடி கடந்து போக வேண்டியிருந்தது. எதையும் கண்டதாக யாரிடமும் சொல்லாமல் தங்கள் வேலையை மட்டும் பார்த்ததால், அந்த மலைவாசிகள் சகோதரிகளை நம்பி வழிவிட்டார்கள். கிழக்கு அமெரிக்கக் காடுகளைப் பற்றிய லூசியின் பெரிய நூல் 1950இல் வெளிவந்தது. அதற்காக 25 ஆண்டுகளில் அவர் பயணித்த தூரம் 65,000 மைல்கள், அதாவது ஒரு லட்சம் கிலோமீற்றருக்கும் மேல். அதே ஆண்டில் அமெரிக்கச் சூழலியல் சங்கத்தின் முதலாவது பெண் தலைவராகவும் ஆனார். அவர் சேகரித்த 11,891 உலர்தாவர மாதிரிகள் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன.

1942இல் இந்த வெண்மயிர்ச் செடியைத் தனியான ஓர் இனமாக உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். அருகிலுள்ள ஈரமான காட்டில் இதன் நெருங்கிய உறவான இன்னொரு பொற்கோல் செடி வளர்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். மயிரையும் இலையையும் தண்டின் வளைவையும் நிதானமாகப் பார்த்துப் பிரித்தறிய ஒருவர் தேவைப்பட்டார். பெயரில்லாத ஒன்றைச் சட்டத்தால் காக்க முடியாது. காப்பாற்றும் வேலையின் முதல் படி இந்தப் பெயரிடல்தான்.

ஆனால் அந்தப் பாறை வீடுகளுக்கு முதன்முதலில் வந்தவர் லூசி அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே பூர்வீக அமெரிக்க மக்கள் தங்கியிருக்கிறார்கள். மழை விழாத மணல் என்பதால், வேறெங்கும் உக்கிப் போகின்ற பொருட்கள் அங்கே உக்காமல் கிடந்தன. விதை, நார், பாய், செருப்பு என்று எல்லாம். பள்ளத்தாக்கை அண்டிய நியூட் காஷ் என்ற பாறை வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட தாவர எச்சங்களை வோல்னி ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 1936இல் ஆராய்ந்து எழுதினார். மெக்சிகோப் பக்கத்திலிருந்து சோளம் வந்து சேர்வதற்கு முன்னரே இந்த மக்கள் தமது சொந்த நிலத்துச் செடிகளைப் பயிரிட்டிருக்கலாம் என்ற கருத்தை அது முன்வைத்தது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. சூரியகாந்தி, சக்கரவர்த்திக் கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு விதைப் பயிர் போன்றவை அங்கே 3,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பயிர் செய்யப்பட்டிருக்கின்றன. மனிதன் தானாகவே விவசாயத்தைக் கண்டுபிடித்த உலகின் சில இடங்களுள் ஒன்றாகக் கிழக்கு வட அமெரிக்காவும் எண்ணப்படுவதற்கு இந்த மணல் முக்கியமான ஒரு சாட்சி.

பின்னர் ஐரோப்பியக் குடியேறிகள் வந்தார்கள். 1800ஐ ஒட்டிய காலத்தில் அதே பாறை வீடுகளின் மண்ணைத் தோண்டி, நீரில் கரைத்து, வடித்து வெடியுப்பு எடுத்தார்கள். வெடிமருந்தின் முக்கிய மூலப்பொருள் அது. பிரித்தானியருடன் 1812இல் தொடங்கிய போரின்போது கென்டக்கியின் வெடியுப்புக்குப் பெரிய கிராக்கி இருந்தது. அதன் பிறகு மரக் கம்பனிகள் வந்தன. மரங்களைக் கொண்டுபோகப் புகையிரதப் பாதை தேவைப்பட்டது. 1910, 1911 ஆண்டுகளில் மணற்கல் மலையைக் குடைந்து சுமார் 270 மீற்றர் நீளமான நாடா சுரங்கப்பாதையை அமைத்தார்கள். இன்று அதே சுரங்கத்தின் ஊடாகத்தான் சுற்றுலாப் பயணிகளின் கார்கள் பள்ளத்தாக்குக்குள் நுழைகின்றன.

மரம் வெட்டி முடிந்த மலைநிலத்துக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. 1930களில் மத்திய அரசு அந்த நிலங்களைத் துண்டு துண்டாக வாங்கியது. 1937இல் அது கம்பர்லாந்து தேசிய வனம் என்று பிரகடனப்படுத்தப்பட்டது. 1966இல் டானியல் பூன் தேசிய வனம் என்று பெயர் மாறியது. அன்று நிலம் வாங்கியவர்களின் நோக்கம் காட்டையும் நீரூற்றுகளையும் மீட்பது. இந்தச் செடி அப்போது விஞ்ஞானத்துக்கே தெரியாது. ஆனால் அந்தக் கொள்வனவு இல்லாவிட்டால் பிற்காலக் கதையே இல்லை. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது அணைக்கட்டு. ரெட் ரிவர் பெருக்கெடுத்தால் கீழே உள்ள சிறு நகரங்களும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கும். அந்த மக்களின் கஷ்டம் உண்மையானது. அதற்குப் பரிகாரமாக இராணுவப் பொறியியலாளர் படையணி ஓர் அணையைத் திட்டமிட, 1962இல் கொங்கிரஸ் அனுமதி அளித்தது. அணை எழுந்திருந்தால் பள்ளத்தாக்கின் அடித்தளம் ஏரியாகியிருக்கும்.

எதிர்ப்புக் கிளம்பியது. நிலத்தை இழக்கவிருந்த விவசாயிகள், மலை நடையர்கள், இயற்கை ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 1967 நவம்பரில் அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் ஓ. டக்ளஸ் நேரில் வந்து, நூற்றுக்கணக்கானோருடன் அந்தக் காட்டுப்பாதையில் நடந்தார். நாடு முழுவதும் செய்தியானது. கென்டக்கியின் எழுத்தாளர் வெண்டல் பெரி அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார், 1971இல் வெளிவந்தது. செனட்டர் ஜோன் ஷெர்மன் கூப்பர் அணையின் இடத்தை மாற்றும்படி வாதாடினார். இறுதியில் 1970களின் நடுப்பகுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

வழமையாக இப்படியான கதைகள் இங்கேதான் முடியும். மக்கள் போராடினார்கள், வென்றார்கள், பள்ளத்தாக்கு தப்பியது. சுபம்.

ஆனால் செடியின் பிரச்சினை இதற்குப் பின்னர்தான் கூடியது.

அணைக்கு எதிரான போராட்டம் அந்தப் பள்ளத்தாக்கை நாடறியச் செய்தது. அதன் அழகைப் பார்க்க மக்கள் வந்தார்கள். பின்னர் பாறையேறும் விளையாட்டுக்கு உலகப் புகழ் பெற்ற இடமாகவும் அது ஆனது. இன்று ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். வருபவர்களுக்கு மழைக்கு ஒதுங்க, கூடாரம் அடிக்க, நெருப்பு மூட்டிச் சமைக்க மிக வசதியான இடம் எது? சொட்டுக்கோட்டுக்கு உட்பக்கமுள்ள காய்ந்த மணல் தரை. செடி வளரும் அதே தரை. இன்னொரு கூட்டம் அம்பு முனைகளையும் பழம்பொருட்களையும் களவாகத் தோண்டி எடுக்க வந்தது. தொல்பொருட்களைக் காக்க 1979இல் தனிச்சட்டம் வந்த பிறகும் இந்தக் களவு நின்றுவிடவில்லை. அவர்கள் தோண்டிய குழிகளோடு செடியும் போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோடரியோடு வந்தவர்களை எதிரி என்று இலகுவாக அடையாளம் காட்டலாம். கூடாரத்தோடு வந்தவர்கள் அந்த இடத்தை உண்மையாகவே நேசித்தவர்கள். அணையை எதிர்த்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். அவர்களது காலடியே செடிக்கு ஆபத்தானது. ஓர் இடத்தைக் காப்பாற்றுவதும் அந்த இடத்துக்குள் வாழ்கின்ற ஒரு சிறு உயிரைக் காப்பாற்றுவதும் ஒரே வேலை அல்ல.

1973இல் ஐக்கிய அமெரிக்கா அழிந்துபோகும் அபாயத்திலுள்ள உயிரினங்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் 1988 ஏப்ரலில் வெண்மயிர்ப் பொற்கோல் 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்று பட்டியலிடப்பட்டது. இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. விலங்குகளுக்குத் தருகின்ற அளவு பாதுகாப்பை அது தாவரங்களுக்குத் தருவதில்லை. தனியார் காணியில் வளரும் அரிய செடியை உரிமையாளரே பிடுங்கினால், பொதுவாக இந்தச் சட்டம் தடுக்காது. மத்திய அரசின் நிலத்திலிருந்து அப்படியான செடியை அகற்றிச் செல்வதுதான் குற்றம். நமது செடியின் மிகப் பெரும்பான்மை தேசிய வனத்துக்குள் இருந்தது. யாரும் விரும்பாத மொட்டை மலைகளை 1930களில் வாங்கிப் போட்ட அந்தப் பழைய முடிவு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு பலன் தந்தது இப்படித்தான்.

1993இல் மீட்புத் திட்டம் எழுதப்பட்டது. அதன் இலக்கு தெளிவானது. தானாகவே நிலைத்து நிற்கக்கூடிய 40 தனித்தனிக் கூட்டங்கள் பாதுகாக்கப்பட வேண்டும், 10 ஆண்டுகள் அப்படியே நீடிக்க வேண்டும். அதன் பிறகே பட்டியலிலிருந்து நீக்குவது பற்றி யோசிக்கலாம்.

அதற்காகச் செய்த வேலைகளைக் கேட்டால் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். செடியுள்ள குகைகளின் முன்னால் அறிவித்தல் பலகை வைத்தார்கள். தேவையான இடங்களில் வேலி போட்டார்கள். நடைபாதைகளைக் குகையிலிருந்து விலக்கிக் கொண்டுபோனார்கள். பாறைச் சுவரின் அடியிலிருந்தும் பாறை வீட்டிலிருந்தும் 100 அடிக்குள் கூடாரம் அடிக்கவும் நெருப்பு மூட்டவும் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். வனச் சேவையின் ஊழியர்களும் மாநில இயற்கை ஒதுக்கிட ஆணைக்குழுவின் தாவரவியலாளர்களும் பாறை வீடு பாறை வீடாகப் போய்த் தண்டுகளை எண்ணினார்கள். சில வருடங்கள் கழித்து மறுபடியும் போய் எண்ணினார்கள். மறுபடியும்.

எண்ணுவது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு பாறை வீடும் காட்டுக்குள் ஒரு தீவு மாதிரி. ஒன்றில் செடி அழிந்தால் பக்கத்திலிருந்து விதை வந்து சேருவது நிச்சயமில்லை. மொத்தத்தில் நிறையச் செடி இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தீவாக மறைந்து போவது தெரியாது. எந்தக் குகையில் கூடியது, எந்தக் குகையில் குறைந்தது என்று தெரிந்தால்தான் வேலியை எங்கே போடுவது என்றும் தெரியும்.

இந்தத் தேடலில் புதிய கூட்டங்களும் கண்டுபிடிக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் செடி இருப்பது பதிவானது. இலக்கு எட்டப்பட்டது. 2016 ஒக்டோபரில் வெண்மயிர்ப் பொற்கோலைப் பட்டியலிலிருந்து நீக்குவதாக மத்திய அரசு அறிவித்தது.

இது ஒரு தற்செயல் அல்ல என்பதற்கு இன்னோர் உதாரணம். கென்டக்கி, டெனசி எல்லைப் பகுதியின் மணற்கல் பாறை வீடுகளில் கம்பர்லாந்து மணற்பூண்டு என்ற சிறிய வெள்ளைப் பூச்செடி வளர்கிறது. அதுவும் 1988இல் பட்டியலிடப்பட்டது. அதற்கும் மிதிபடுவதே பெரிய ஆபத்து. அதே மாதிரியான சாதாரண வேலைகள் தொடர்ந்து நடந்தன. 2021இல் அதுவும் பட்டியலிலிருந்து விடுபட்டது.

இந்த வரலாற்றில் செடியைக் காப்பாற்றியவர் யார் என்று பரீட்சையில் கேட்டால் நமது பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? நீதியரசர் டக்ளஸின் பெயரை எழுதுவார்கள். லூசி பிரவுனின் பெயரை எழுதுவார்கள். அவை பிழையல்ல. ஆனால் 28 ஆண்டுகளாகப் பலகை நட்டவர், வேலி திருத்தியவர், மழையிலும் குளிரிலும் மலையேறித் தண்டு எண்ணிக் குறித்தவர் யாருடைய பெயரும் விடைத்தாளில் வராது. ஏனென்றால் அவர்கள் செய்த வேலையில் சம்பவம் இல்லை. ஒரு நாள் நடை செய்தியாகிறது. ஆயிரம் நாள் நடை செய்தியாவதில்லை. நாம் போராட்டங்களை வரலாறாகப் படிப்பிக்கிறோம், பராமரிப்பைப் படிப்பிப்பதில்லை. அதனால்தான் எதையாவது வென்றெடுத்த மறுநாளே வேலை முடிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டியலிலிருந்து நீக்கியதோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. நீக்கிய பிறகு குறைந்தது ஐந்து வருடங்களாவது கண்காணிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நிலம் இன்னும் தேசிய வனத்தின் நிலம். 100 அடி விதி இன்னும் வனத்தின் விதி. அதேவேளை செடியின் உலகம் இன்னும் அந்த ஒரு பிரதேசம்தான், வருகின்ற கூட்டம் குறையப் போவதும் இல்லை. ஒரு செடி பட்டியலில் இருக்கும்வரை அதற்கென்று பணமும் ஆட்களும் ஒதுக்க ஒரு காரணம் இருக்கும். பெயர் நீங்கினால் அந்தக் காரணம் பலவீனமாகும். வெற்றி பெற்றதாலேயே கவனம் குறைவது இந்தத் துறையின் பழைய ஆபத்து. பலகை சாய்ந்தால் நிமிர்த்த ஓர் ஆள் போகிறாரா என்பதுதான் இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி.

புவியியல், விஞ்ஞானம், வரலாறு கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் இந்தக் கதையை வகுப்பில் பயன்படுத்தலாம். மணற்கல் உருவாக்கம், விவசாயத்தின் தோற்றம், சட்டம், சூழல் என்று நான்கு பாடங்கள் ஒரே குகைக்குள் இருக்கின்றன. பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அந்த ஆறு வறண்டு போகாமல், காடு எரியாமல், அணை கட்டப்படாமல் எல்லாம் நன்றாகவே இருக்கும்போது, அந்தச் செடி எதனால் அழிந்திருக்கும்? விடை அவர்களது சப்பாத்துக்குக் கீழே இருக்கிறது.

 உங்கள் கருத்துகளைக் கீழே பதிவிடுங்கள். விரும்பியவர்கள் பகிரலாம்.